மூங்கில் முதுகு வில்: வளைத்துப் பார்க்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

கையால் ஒரு வில் செய்து முடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. போன பணம் 14,000 ரூபாய்க்குக் கொஞ்சம் அதிகம். வலது புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு ஒன்று மிச்சம். பக்கத்தில் நின்று "இதை இப்போது செய்யாதே, பொறு" என்று சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் இதில் முக்கால்வாசி நடந்தே இருக்காது. அப்படி ஒருவர் கிடைக்காமல் இந்த வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அக்கா மகன் பள்ளியில் வில்வித்தை பழக ஆரம்பித்தான். இந்தியன் ரவுண்ட் என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூங்கில் வில்லை வைத்து 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் எய்ய வேண்டும். அவன் கொண்டுவந்த வில்லை ஒருநாள் வாங்கி இழுத்துப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த ஆசை. எங்கள் சிவகங்கைச் சீமை மருது பாண்டியர் காலத்திலிருந்து வளரி என்கிற எறி ஆயுதத்துக்குப் பேர்போனது. ஆனால் வில் செய்கிற பட்டறை என்று எனக்குத் தெரிந்து காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் எதுவும் இல்லை. சரி, மரவேலை தெரிந்த ஊர், நல்ல மரம் கிடைக்கிற ஊர், நாமே செய்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். வில்லில் இலக்கைப் பார்க்கிற பக்கம் முதுகு, நம்மைப் பார்க்கிற பக்கம் வயிறு. நாணை இழுத்தால் முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். மூங்கில் இழுவைக்கு அசராது. அதன் வெளித்தோலை ஒட்டித்தான் நார் நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப் போகக் குறையும். அதனால் தோல் பக்கம் வெளியே தெரிய மூங்கில் பட்டையை முதுகில் ஒட்டினால் முதுகு கிழிவது பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். நான் படித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். அந்த மூங்கிலே வயிற்று மரத்துக்கு எமனாக முடியும் என்பது எங்கேயும் என் கண்ணில் படவில்லை.

செட்டிநாட்டில் மரம் என்றால் எல்லோரும் காட்டுவது பர்மா தேக்கு. பழைய வீடு பிரித்த மரம் விற்கிற ஒரு கடையில் ஆறடி நீளத் துண்டு கிடைத்தது. விலை 3,200 ரூபாய். நூறு வருடம் காய்ந்த மரம், இழை நூல் பிடித்தது போல நேராக ஓடியது. கடைக்காரர் முதல் எங்கள் சித்தப்பா வரை எல்லோரும் "இதைவிட நல்ல மரம் ஏது" என்றார்கள். கதவுக்கும் தூணுக்கும் அது உண்மைதான். கரையான் அண்டாது, திருகாது, வெடிக்காது. வில்லின் வயிறு கேட்பதோ வேறு குணம். நசுக்கினால் தாங்கி, விட்டால் பழையபடி நிமிர வேண்டும். தேக்கு அதில் சுமார் ரகம். அதிலும் அதன் மேல் நான் ஒட்டிய மூங்கில் 5 மில்லிமீட்டர் கனம். கனமாக இருந்தால் உடையாது என்பது கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஒட்டி, வடிவம் வெட்டி, வில்லை வளைக்காமலே மாட்டக்கூடிய நீள நாண் போட்டு வளைத்தபோது எல்லாம் ஒழுங்காகவே போனது. 20 அங்குல இழுவை தாண்டியதும் வயிற்றுப் பக்கம், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, இழைக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. உப்புத்தாள் கீறல் என்று தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. வில்லை வளைத்துப் பிடித்தால் அந்த இடம் சன்னமாகப் புடைத்தது, விட்டால் அமுங்கியது. அடுத்த நாள் அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் வரிசையாக. நாணைக் கழற்றிய பிறகும் வில் நிமிரவில்லை, நுனிகள் நாலு விரல் அளவுக்கு உள்ளே வளைந்தே நின்றன. கனமான மூங்கில் முதுகில் நீளாமல் நின்றதால், வயிற்று மரத்தின் நார் நசுங்கி மடிந்த கோடுகள் அவை. பசை வைத்தாலும் நூல் சுற்றினாலும் ஆறாது. அந்தக் கோட்டைக் கண்ட வில்லைப் பலம் குறைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், இல்லையென்றால் ஓரமாக வைக்கலாம். வேறு வழி கிடையாது.

ஆகவே இந்த வில்லில் பாதி வேலை, வளைவு பார்ப்பதற்கு, அதாவது இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைகிறவரை இழுத்துப் பார்த்துச் சுரண்டுவதற்கு முன்பே, ஒட்டும்போதே முடிந்துவிடுகிறது. மூங்கிலை மெலிய வையுங்கள். பிடிக்கு அருகில் நடுமேட்டில் 3 மில்லிமீட்டர், நுனியில் 2 அல்லது அதற்கும் கீழே, இரண்டு ஓரங்களிலும் கிட்டத்தட்டக் கத்தி முனை. குறைப்பதெல்லாம் உள்பக்கம்தான். வெளித்தோல் நாரை ஒரு இடத்திலும் வெட்டக்கூடாது. பச்சை மினுமினுப்பை மட்டும் சுரண்டி எடுங்கள். கணுக்களைத் தட்டையாக்க நினைத்து அரம் போட்டால் அங்கேதான் முதலில் பிளக்கும், லேசாக உப்புத்தாள் போதும். இன்னொன்று, ஏணிக்கு விற்கிற ஒல்லிக் கல்மூங்கிலை எடுக்காதீர்கள். அதில் வருகிற பட்டையின் முதுகு உருண்டையாக இருக்கும், இழுவை முழுவதும் அந்தக் குறுகிய மேட்டில் விழும். குறுக்களவு நாலு அங்குலத்துக்குக் குறையாத, முற்றிய பெருமூங்கிலாகக் கேட்டு வாங்குங்கள். பட்டை ஓரளவு சமமாக வரும்.

இந்தப் பாடத்தோடு அடுத்த வில்லுக்கு நாட்டுக் கருவேலம் எடுத்தேன். வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் போட்ட மரம், தேக்கைவிட நன்றாக அழுத்தம் தாங்கும். மூங்கிலும் இந்தமுறை சரியான கனம். ஆனால் அதை வாங்கியது ஐப்பசி மழையில். "நல்லாக் காஞ்சதுதான் தம்பி" என்று கடையில் சொன்னார்கள், தொட்டாலும் காய்ந்த மாதிரித்தான் இருந்தது. மரமும் மூங்கிலும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். காற்றில் 50 சதவீத ஈரப்பதம் இருந்தால் மரத்தில் ஏறக்குறைய 9 சதவீதம் தண்ணீர், 80 சதவீதத்துக்குப் போனால் 15, 16. வில்லுக்கு வேண்டியது 8 முதல் 10. அடைமழைக் காலத்தில் நிழலில் சாத்திவைத்த மூங்கில் எவ்வளவு குடித்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வில் மழைக்காலம் முழுவதும் அடங்கி நின்றது. பங்குனி வெயில் ஏறியதும் மூங்கில் சுருங்கியது. வயிற்று மரம் அதே அளவுக்குச் சுருங்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட பசைக்கோட்டில் எனக்குத் தெரியாமலே பிளவு ஓடியிருக்கிறது. 26 அங்குலம் இழுத்துப் பிடித்திருந்தேன், பட்டாசு போல ஒரு சத்தம். வில்லின் மேல் கை, அதாவது பிடிக்கு மேலே இருக்கிற பாதி, இரண்டாகப் பிரிந்து, மூங்கில் துண்டு புருவத்தில் அறைந்தது. ஒரு விரல் கீழே பட்டிருந்தால் கண். அம்மா என் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, துணியை அழுத்திப் பிடித்தபடி ஆட்டோவில் கூடவே வந்தார். தையல், மருந்து, ஊசி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். பல வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. படுத்தால் அந்தச் சத்தம்தான் கேட்டது. எதற்கு இந்த வேலை என்று நினைத்தேன், ஆனாலும் விட மனம் வரவில்லை. எங்கே தப்பியது என்று தெரியாமல் கைவிடுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

எனவே இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வளைத்துப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் கண்ணாடி போடுங்கள். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது, வெல்டிங் சாமான் விற்கிற கடையில் 150 ரூபாய்க்குப் பக்கமெல்லாம் மூடியது கிடைக்கும். அடுத்து, காய்ந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூங்கிலைப் பட்டையாகப் பிளந்து, உள்பக்கத்தை ஓரளவு சீவிவிட்டு, சமையலறைத் தராசில் எடை போட்டுப் பட்டையிலேயே எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் காய்ந்தது என்று அர்த்தம். அதையும் மாசி முதல் ஆடி வரைக்குள் செய்து, அந்த வறண்ட மாதங்களிலேயே ஒட்டிவிடுங்கள். எங்கள் ஊர் வெயிலை எல்லோரும் திட்டுவோம், இந்த வேலைக்கு அதுதான் சொத்து.

வயிற்று மரத்துக்கு வழி காட்டியவர் பக்கத்துத் தெருவில் இருக்கிற வயதான ஆசாரி. கெட்டுப்போன இரண்டு வில்லையும் எடுத்துப்போய்க் காட்டினேன். தேக்கு வில்லின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூங்கிலோட மல்லுக்கட்ட தேக்கால ஆகாது தம்பி. பனைய எடுத்துப் பாத்தீங்களா?" என்றார். "பனை பிளந்துறாதாண்ணே?" என்று கேட்டேன். "வைரம் பாஞ்ச பனை எங்க பிளக்கும்? ஓட்டு வீட்டுக் கைமரம் எத்தனை வருசம் ஓட்டச் சொமக்குது" என்றார்.

உலகத்தில் பசிபிக் தீவுகளிலும் அமேசான் காட்டிலும் பனை இனத்து மரத்தில்தான் ஏராளமான வில் செய்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். பனைக்குக் கிளை கிடையாது, அதனால் மரத்துக்குள் முடிச்சு இல்லை. நேரான ஆறடி கிடைப்பது சுலபம். ஆனால் எல்லாப் பனையும் உதவாது. வெளிச்சுற்றில்தான் கறுப்பு வைரம், உள்ளே சோற்றி என்கிற மெத்தென்ற பகுதி. வளைவு பார்க்கும்போது நாம் வயிற்றுப் பக்கத்தைச் சுரண்டிக்கொண்டே போவோம், ஆகையால் மேலே ஒரு தோல் மட்டும் கறுப்பாக இருந்தால் கடைசியில் சோற்றிதான் மிஞ்சும். அறுத்த முனையைப் பாருங்கள்: கறுப்புப் புள்ளிகள் கனம் முழுவதும் நெருக்கமாக, இடையில் வெளுப்பே தெரியாமல் இருக்க வேண்டும். பழைய கைமரத்தில் ஆணி ஓட்டை இருக்கும். ஓட்டை பிடிக்குள் விழும்படி வெட்ட முடிந்தால் மட்டும் வாங்குங்கள். எனக்கு ஒரு நல்ல கைமரம் 600 ரூபாய்க்குக் கிடைத்தது, தேக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இழைப்புளி போட்டால் நார் பெயர்ந்து வரும், எனவே அரமும் சுரண்டலும்தான். கையுறை கட்டாயம். பனஞ்சிராய் ஏறினால் லேசில் வராது, சீழ் பிடிக்கும்.

ஒட்டுகிற விவரம் சுருக்கமாக. இரண்டு முகத்தையும் ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் கீறி, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, மெதுவாக இறுகும் எபாக்சி பசை. சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டி நெருக்கிச் சுற்றினால் அழுத்தம் போதும். இரும்புக் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பசை முழுவதையும் வெளியே பிதுக்கிவிடக்கூடாது, ஒரு மெல்லிய படலம் உள்ளே நிற்க வேண்டும். நுனிகள் ஒன்றரை அங்குலம் முதுகுப் பக்கம் சாய்கிற மாதிரி வைத்து ஒட்டினால், பின்னால் வில் கொஞ்சம் வளைந்து நின்றாலும் ஈடுகட்டும்.

இனி வளைவுக்கு வருகிறேன். பொதுவாகச் சுவரில் ஒரு தாங்கியை அடித்து, வில்லை அதில் வைத்துக் கீழிருந்து கயிற்றால் இழுப்பார்கள். எங்கள் வீடு பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது, அதிலும் சுவரெல்லாம் கண்ணாடி போல் மின்னுகிற பழைய சுண்ணாம்புப் பூச்சு. ஓர் ஆணி அடிக்க முடியாது. அதனால் தரையிலேயே செய்தேன். ஒரு நீளப் பலகை, அதன் ஒரு நுனியில் பிடி உட்காரக் கட்டை, மறு நுனியில் கப்பி. நாணில் மாட்டிய கயிறு கப்பியில் திரும்பிப் பக்கவாட்டில் தள்ளி நிற்கிற என் கைக்கு வரும். நடுவில் பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசு, 400 ரூபாய். ஏணியில் போனைக் கட்டி மேலிருந்து படம். தரையில் ஆத்தங்குடிக் கல் பாவியிருப்பது இதற்குப் பெரிய உதவி. அது சூளையில் வேகவைக்காமல் கண்ணாடி மேல் அச்சில் வார்த்த கல், சதுரம் மாறாது. வலது நுனி எந்தக் கல் கோட்டைத் தொடுகிறது, இடது நுனி எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று படத்தில் பார்த்தால் போதும், எந்தக் கை விறைப்பு என்பது உடனே தெரியும். கட்டம் போட்ட தரை இல்லாதவர்கள் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளலாம்.

முதலில் தளர்ச்சி இல்லாத நீள நாண். நுனிகள் ஆறேழு அங்குலம் ஒன்றுபோல வளைகிறவரை அதிலேயே வேலை. பிறகு நாணுக்கும் பிடிக்கும் இடையே மூன்றங்குலம் மட்டும் இருக்கும்படி நாண் ஏற்றிப் பார்க்க வேண்டும். அது சரியாக வந்த பிறகுதான் ஆறங்குலம். அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலமாக 28 அங்குலம் வரை. இதில் மீறக்கூடாத ஒன்று: நீங்கள் நினைத்த பலம் 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ என்றால், தராசு 18 காட்டிய இடத்தில் நின்றுவிடுங்கள், அது 15 அங்குல இழுவையாக இருந்தாலும் சரி. சுரண்டிவிட்டு மறுபடி இழுங்கள். வளைவில் கோணல் கண்ணில் பட்டாலும் அதே கதைதான், அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட இழுக்காமல் நிறுத்துங்கள். கோணலோடு இழுக்கிற ஒவ்வொரு அங்குலமும் அந்த ஓரிடத்து நாரை நிரந்தரமாக நசுக்குகிறது.

கை பரபரக்கும், இன்னும் கொஞ்சம் எடுத்தால் என்ன என்று தோன்றும். விறைப்பு என்பது கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. 10 மில்லிமீட்டர் கனமான இடத்தில் 1 மில்லிமீட்டர் சுரண்டினால் விறைப்பில் 27 சதவீதம் போய்விடும். அதனால் அரத்தை ஓரளவோடு கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிச் சில்லுக்கு மாறினேன். அதுவும் ஆசாரி சொல்லிக்கொடுத்தது: உடைத்த சில்லின் கூர் ஓரத்தை மரத்தில் லேசாகச் சாய்த்து நம்மை நோக்கி இழுத்தால் மெல்லிசான சுருள் வரும். பனையில் சுருள் வராது, கறுப்புப் பொடிதான் உதிரும். அந்தப் பொடி தரையில் எங்கே அதிகமாக விழுகிறது என்பதே எங்கே அதிகம் எடுக்கிறோம் என்று காட்டிக்கொடுக்கும். ஒருமுறை சுரண்டிய பின் பாதி இழுவையில் முப்பது தடவை மெதுவாக இழுத்து விடுங்கள். எடுத்ததன் பலனை மரம் உடனே காட்டாது. இந்தப் பயிற்சி கொடுக்காமல் மறுபடி சுரண்டினால் தேவைக்கு மேல் எடுத்துவிடுவோம்.

ஓரிடம் மட்டும் கீல் போல மடிகிறது என்றால் அந்த இடத்தில் பென்சிலால் பெரிய குறுக்குக் கோடு போட்டு, அதைத் தொடவே தொடாதீர்கள். மிச்ச இடமெல்லாம் சுரண்டி அதன் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பலம் குறையும், ஆனால் வில் பிழைக்கும். என் வில்லில் கீழ்க் கையின் நடுவில் இப்படி ஒன்று வந்தது. 40 என்று ஆரம்பித்தது 36 பவுண்டில் முடிந்ததற்கு அதுதான் காரணம். வருத்தமாகத்தான் இருந்தது. முழு இழுவையில் இரண்டு கையும் ஒரே வளைவில் நிற்பதைப் படத்தில் பார்த்தபோது அந்த நாலு பவுண்டு மறந்தேபோனது. கீழ்க் கை மட்டும் சற்று விறைப்பாக, நாணுக்கும் பிடியின் ஓரத்துக்கும் இடையிலான தூரம் மேலே 4 மில்லிமீட்டர் அதிகமாக இருக்கும்படி விட்டேன். விரல்கள் அம்புக்கு மேலும் கீழும் பிடிப்பதால் இந்த வித்தியாசம் வேண்டும். கடைசி இரண்டு அங்குல இழுவைக்கு உப்புத்தாள் தவிர வேறு எதையும் தொடவில்லை.

இப்போது அக்கா மகனும் நானும் சாயங்காலம் கண்மாய்ப் பக்கம் போய் எய்கிறோம். ஆட்கள், ஆடுமாடு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பின்னால் கரை மேடு இருக்கிற இடமாக நிற்கிறோம். எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுவேன். 36 பவுண்டுக்கு 23 கிராமுக்குக் குறைந்த அம்பு போடுவதில்லை, லேசான அம்பு என்றால் அதிர்ச்சியை வில்லே வாங்கும். அம்பு இல்லாமல் நாணை விடவும் யாரையும் அனுமதிப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்யப் பார்ப்பது அதைத்தான். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் எபாக்சி இளகும். ஐப்பசி பிறந்ததும் வார்னிஷ் இன்னொரு கை கொடுத்து, அடுப்படியை ஒட்டிய உலர்ந்த அறையில் படுக்கை வசமாக வைத்துவிடுவேன். மழை ஓய்ந்து தை வரும்வரை அதை இழுப்பதில்லை.